கம்பளிப்பூச்சி வாங்கப் போனோம்

ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூக்கு சிவக்க சிவக்க ஐஸ்கிரீம் சாப்பிடுகிற ஜனங்களை இங்கிலாந்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கடற்கரை ரோட்டில் வரிசையாக பெஞ்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வயசான ஜோடி. காற்று அடிக்கிற அடியில் ஐஸ்கிரீம் பக்கவாட்டில் ஒழுகுகிறது.

"யக்கா, இவியளுக்கு எடுத்துச் சொல்ல ஆளே கிடையாதா?" என்றான் முருகேசன். அவன் தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் என்னுடைய சால்வை. கண்ணும் குரலும்தான் வெளியே இருந்தன.

முருகேசன் என் தம்பி. கோவில்பட்டியில் ராட்டினத் தொழில் செய்கிறவன். கோயில் கொடை, பொருட்காட்சி என்று கயத்தாறு முதல் ராமநாதபுரம் வரைக்கும் லாரியில் ராட்டினங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் போடுவான். பெரிய ராட்டினம், டிராகன் ரயில், கொலம்பஸ் கப்பல் எல்லாம் அவனிடம் உண்டு. நான் செண்பகம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருசமாக இங்கிலீஷ் டீச்சர்.

அந்த வருசம் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட், வெளிநாட்டில் விலைக்கு வந்த பழைய ராட்டினம் ஒன்றின் போட்டோவை அவனுக்குக் காட்டிவிட்டார். கேட்டர்பில்லர் என்று பெயர். மேடும் பள்ளமுமாக வட்டத் தண்டவாளம். அதில் ஒன்றோடொன்று கோத்த சின்னச் சின்னப் பெட்டிகள். வண்டி வேகம் பிடித்ததும் ஒரு பச்சைத் துணிக்கூரை உள்பக்கத்திலிருந்து எழும்பி எல்லாப் பெட்டிகளையும் மூடிவிடும். வெளியே இருந்து பார்த்தால் பெரிய பச்சைக் கம்பளிப்பூச்சி வட்டமாக ஓடுகிற மாதிரி இருக்குமாம். உள்ளே ஒரே இருட்டு, ஒரே கூச்சல்.

முருகேசன் அந்த போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தான். "இந்தச் சாமான் நம்ம பக்கம் எவன்ட்டயும் கிடையாது யக்கா. நட்டு போல்ட்டுகிட்ட நான் பேசிருவேன். மனுசரோட பேச நீ வரணும்" என்றான். காலாண்டு லீவோடு நாலு நாள் சேர்த்துப் போட்டேன். என் வீட்டுக்காரர், "போறதோட சரி, வந்து எங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசாம இருந்தாச் சரி" என்று வழியனுப்பினார்.

எப்படிப் போனோம், எங்கெங்கே மாறினோம் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். போய்ச் சேர்ந்த ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு கடற்கரை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாப்பாட்டிலேயே கழிந்தது. மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, கூடவே உருளைக்கிழங்கையும் பொரித்து, எல்லாவற்றின் மேலும் வினிகர் என்கிற காடியை ஊற்றிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். தொட்டுக்கொள்ள பச்சைப் பட்டாணியை வேகவைத்து மசித்த ஒரு களி. உப்பும் கிடையாது, உறைப்பும் கிடையாது. முருகேசன் பையிலிருந்து இட்லிப்பொடி டப்பாவை எடுத்துக் களியின் மேல் தூவிக் குழைத்தான். "இப்பம் சாப்பிடு" என்றான். சத்தியமாக நன்றாக இருந்தது. கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு வாய் வாங்கித் தின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

இரண்டாம் நாள், கேட்டர்பில்லர் இருந்த பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பஸ் போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. நம் ஊரில் என்றால் கண்டக்டர், "கயத்தாறு எறங்கு, கயத்தாறு எறங்கு" என்று தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி இறக்கிவிடுவார். இங்கே கண்டக்டரே இல்லை. நாமே மணியை அமுக்க வேண்டுமாம். பூங்காவின் பெரிய ராட்டினம் ஜன்னலில் தெரிந்து, பின்னால் போய், மறைந்தும் விட்டது. கடைசியில் டிரைவர் எங்களை இறக்கிவிட்ட இடத்தில் ஒரு கல்சுவரும் நூறு செம்மறி ஆடுகளும்தான் இருந்தன. தூறல் வேறு.

"இடைசெவல் விலக்குல இறங்குன மாதிரி இருக்கு" என்றான் முருகேசன். "ஆடு மட்டும் கொஞ்சம் கொழுப்பு."

கால் மணி நேரம் நனைந்திருப்போம். ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே எட்டுப் பேர். எல்லாரும் ஒரே மாதிரி பச்சை பனியன் போட்டிருந்தார்கள். பனியனின் நெஞ்சில் கம்பளிப்பூச்சி.

"யக்கா! நம்ம பூச்சி!" என்று கத்திவிட்டான் முருகேசன்.

வேனை ஓட்டியவர் பெயர் கீத். ஐம்பத்தைந்து வயசிருக்கும். பதினெட்டு வருசம் இங்கிலீஷ் நடத்திய எனக்கு, அவர் பேசிய முதல் வாக்கியத்தில் புரிந்தது 'பஸ்' என்கிற ஒரே சொல். அவர் பக்கத்தில் டோரீன் என்கிற அம்மாள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலையாம். அவர் பேச்சு புரிந்தது. எல்லாரும் அந்தப் பூங்காவின் ரசிகர் மன்றத்தார். நம் ஊரில் நடிகருக்குத்தானே மன்றம்? இவர்கள் ராட்டினத்துக்கு மன்றம் வைத்திருந்தார்கள். சந்தா உண்டு, மாதப் பத்திரிகை உண்டு, உள்சண்டையும் உண்டு.

"ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேட்டர்பில்லருக்கு வழியனுப்பு விழா" என்றார் டோரீன். "யாரோ வெளிநாட்டு வியாபாரி வந்து பிரித்துக்கொண்டு போகப்போகிறானாம். அவனெல்லாம் நல்லா இருப்பானா?"

"என்னக்கா சொல்லுதாவ?" என்றான் முருகேசன்.

"மழை விடுமான்னு கேக்காவ" என்றேன்.

சுற்றிப் பார்க்க வந்தீர்களா என்று டோரீன் கேட்டார். தம்பிக்கு ராட்டினம் என்றால் உயிர் என்றேன். அது பொய்யில்லை. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

அவர்கள் வேனிலேயே பூங்காவுக்குப் போய், உள்ளே ஒரு டீக்கடையில் எல்லாரும் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்கள் பாருங்கள் ஒரு சண்டை! எனக்குப் பயணக் களைப்பெல்லாம் பறந்துவிட்டது.

விஷயம் இதுதான். பூங்காவை உண்டாக்கிய ஆர்தர் என்கிற பெரியவர் இறந்து இரண்டு வருசமாகிறது. குடும்பத்தார் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். கம்பெனி ஹெலன் என்கிற அம்மாளைத் தலைமைக்குப் போட்டிருக்கிறது. இதற்கு முன் பெரிய மளிகைக் கடைகளை நிர்வாகம் செய்தவராம். அவர் வந்த முதல் வசந்தத்திலேயே கேட்டர்பில்லருக்கு வேலி கட்டிப் பூட்டிவிட்டார். பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஒரு போர்டு, அவ்வளவுதான்.

"ஆர்தர் தினமும் காலையில் குப்பை பொறுக்கிக்கொண்டே பூங்காவை ஒரு சுற்று வருவார். இந்த அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாலே அதிசயம்" என்றார் கீத்.

"ஆர்தர் பொறுக்கினார், சரி. அவர் காலத்தில் கக்கூஸில் தண்ணீர் வந்ததா? இவள் வந்த பிறகுதானே வருகிறது?" என்றார் டோரீன்.

"பூங்காவுக்கு வருவது கக்கூஸுக்கா?"

"எனக்கு மூன்று பிள்ளைகள், கீத். ஆமாம், அதற்கும்தான் வருகிறேன்."

மேஜை அதிர்ந்தது. பின்னால் இருந்த ஒருவர், பூங்காவை நேசிக்கிறவன் கையில்தான் அது இருக்க வேண்டும் என்றார். இன்னொருவர், நேசித்து நேசித்தே ஆர்தர் கூரையை ஒழுகவிட்டார் என்றார். ஆர்தர் எந்த ராட்டினத்தையும் தூக்கி எறிந்ததில்லை என்று ஒரு கட்சி. அதனால்தான் பாதி ராட்டினம் ஓடவில்லை என்று எதிர்க்கட்சி. கீத்தின் பேச்சுக்கும் அதற்குள் காது கொஞ்சம் பழகியிருந்தது; நான் இரண்டு பக்கமும் திரும்பி முருகேசனுக்கு மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். அவன் கிரிக்கெட் வர்ணனை கேட்கிற மாதிரி, "அதுக்கு இவரு என்ன சொன்னாரு? அந்தம்மா விடலையே?" என்று தூண்டிக்கொண்டே இருந்தான்.

எனக்கும் பொறுக்கவில்லை. எங்கள் ஊர் பஸ் கம்பெனி ஒன்றின் கதையை எடுத்துவிட்டேன். அதன் முதலாளி பஸ் ஸ்டாண்டிலேயே நிற்பார். அவர் இருந்தவரை அந்த பஸ்ஸுக்காக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருக்கிற ஜனம் உண்டு. மகன் கைக்குப் போனதும் டீக்கடைகளில் சண்டை பிறந்தது. பாட்டு போடுவதை நிறுத்திவிட்டான், ஆகவே கம்பெனி போச்சு என்று பாதிப் பேர். நேரத்துக்கு எடுக்கிறான், சீட்டு கிழியவில்லை என்று மீதிப் பேர்.

"முதலாளி மாறுனா டிரைவர் ஹாரன் அடிக்கிற தினுசே மாறிரும், அதைச் சொல்லு" என்றான் முருகேசன். சொன்னேன். கீத் மேஜையைத் தட்டினார். "இதைத்தான்! இரண்டு வருசமாக நான் இதைத்தான் சொல்கிறேன்!" என்று எழுந்து முருகேசனுக்குக் கை கொடுத்தார். கீத் பஸ் டிப்போவில் மெக்கானிக். விரல் ரேகைகளில் கறுப்பு கிரீஸ் நிரந்தரமாக ஏறியிருந்தது. முருகேசன் கையும் அப்படித்தான். இரண்டு கைகளும் ஒரே பட்டறையில் வார்த்த மாதிரி இருந்தன. அந்த நேரத்தில் எங்கள் விவரத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஹெலனைச் சந்தித்தோம். நாற்பது வயசு, ஒல்லியான உடம்பு, சிரிப்பு குறைவு. வேலியைத் திறந்துவிட்டு, "பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். முருகேசன் தண்டவாளத்துக்கு அடியில் புகுந்தான். அப்புறம் அரைமணி நேரம் அவன் செருப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

இந்த ராட்டினத்தில் நடுத்தூணிலிருந்து வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி இரும்புக் கைகள் கிளம்பி ஒவ்வொரு பெட்டியையும் பிடித்து இழுக்கும். அந்தக் கைகளுக்குத் தடிமனாகப் பச்சை பெயின்ட் அடித்திருந்தது. முருகேசன் ஒரு கையை விரலால் தடவிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றான்.

"யக்கா, மண்ணெண்ணெய் வேணும். சாக்பீஸ் இருக்கா?"

டீச்சர் கைப்பையில் சாக்பீஸ் இல்லாமலா? மண்ணெண்ணெய்தான் பாடாய்ப்படுத்தியது. கெரசின் என்றேன். பூங்கா ஊழியர் முழித்தார். விளக்கெரிக்கிற எண்ணெய் என்று கையைக் காலை ஆட்டி விளக்கினேன். "ஓ, பாரஃபின்!" என்று ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். பாரஃபின் என்றால் மெழுகு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

முருகேசன் பெயின்டைச் சுரண்டி, எண்ணெய் தடவி, துணியால் சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைப் பூசினான். காத்திருந்தோம். வெள்ளைப் பொடியின் நடுவே முடி கனத்தில் ஒரு ஈரக்கோடு மெல்ல ஊறி வந்தது. விரிசலுக்குள் போன எண்ணெய் வெளியே வருகிறது. அடுத்த கையில் இன்னொரு கோடு. மூன்றாவதிலும்.

"மூணு கை போச்சு" என்றான். "முன்னாலயே விரிசல் விட்டிருக்கு. வெல்டு வச்சு, அது வெளிய தெரியாம இருக்க பெயின்ட் அடிச்சிருக்காவ. வெல்டுக்குப் பக்கத்துல மறுபடி விட்டிருக்கு. பிள்ளைகளோட ஓடும்போது ஒரு கை அறுந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"என்ன சொல்கிறார்?" என்றார் ஹெலன். அப்படியே சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

அலுவலகத்தில் டீ கொடுத்துவிட்டுப் பேசினார். வசந்தத்தில் சோதனை போட்டபோதே தெரிந்ததாம். ஆர்தர் காலத்திலேயே வெல்டு வைத்து மூன்று சீசன் ஓட்டியிருக்கிறார்கள். "அன்றைக்கே பூட்டினேன். காரணத்தை வெளியே சொல்லவில்லை. ஆர்தரின் மனைவி இந்த ஊரில்தான் இருக்கிறார். ஊரார் அவரிடம் போய்க் கேட்க மாட்டார்களா? இன்னொன்றும் உண்டு. இதைச் சொன்னால் மற்ற ராட்டினங்களில் யார் ஏறுவார்கள்? நான் ஒன்றும் தியாகம் செய்யவில்லை" என்றார். "நீங்களும் வெளியே சொல்லாதீர்கள். வாங்குவதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்லுங்கள்."

சொல்லமாட்டோம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். முருகேசனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "கைய மொத்தமா புதுசாப் போட்டுருவேன். நம்ம லேத்துல அடிச்சிரலாம். ஆனா இது வளைஞ்சு போன கை. இதுல அளவெடுத்தா தப்பும். இதைச் செஞ்ச கம்பெனியோட வரைபடம் வேணும். அந்தம்மாட்ட இல்லையாம். வரைபடம் இல்லாம எடுத்தா வெறும் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்றான். வேறு யாரும் விலைக்குக் கேட்கவில்லை, நாமும் விட்டால் ஹெலன் அதை வெட்டிப் பழைய இரும்புக்குத்தான் போடுவார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். வேலியைச் சுற்றிப் பச்சை பனியன்கள், குழந்தைகள், பேண்டு வாத்தியம். டோரீன் ஒரு மேஜை நிறைய கேக் சுட்டு அடுக்கியிருந்தார். எங்களைப் பார்த்ததும் இழுத்து நடுவில் நிறுத்தி ஆளுக்கொரு பச்சை பனியனையும் மாட்டிவிட்டார். நாங்கள் கொண்டுபோன கடலை மிட்டாயை ஆளுக்கொன்று கொடுத்தோம். கடித்துப் பார்த்துப் பல்லைத் தடவிக்கொண்டு, பிரமாதம் என்றார்கள்.

ஹெலன் மைக் முன்னால் வந்தார். முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு வார்த்தை பேசிவிட்டு எங்கள் பக்கம் கையைக் காட்டினார். "இந்தியாவிலிருந்து இதை வாங்க வந்திருக்கிறவர்களும் நம்மோடு இருக்கிறார்கள்."

பேண்டு வாத்தியம் கூட நின்றுவிட்டதாக எனக்கு ஞாபகம். அத்தனை பனியன்களும் திரும்பின. டோரீன் கையில் பாதி கேக். "செண்பகம்... நீங்களா?" என்றார். கோபத்தைவிட அந்தக் குரலில் இருந்த வருத்தம்தான் என்னைச் சுட்டது. "முதல் நாளே சொல்ல நினைத்தேன், தைரியம் வரவில்லை" என்றேன். அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

கீத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. "நீ வாங்கு, வாங்காமல் போ. அது உன் தொழில். ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் தம்பி அடியில் போய்ப் பார்த்திருப்பார் அல்லவா? நல்லாத்தானே இருக்கிறது? நல்ல ராட்டினத்தைத்தானே இவள் பூட்டினாள்? கேட்டுச் சொல்லு. கைகள் எல்லாம் எப்படி இருக்கின்றன?"

முருகேசனுக்கு மொழிபெயர்த்தேன். அவன் கீத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, ராட்டினத்துக் கையப் பத்தி நாம வெளிய யார்ட்டயும் பேசலையே. இவரு ஏன் கைய மட்டும் கேக்காரு?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. கீத்தின் கண்ணைப் பார்த்தேன். என்னிடம் பதிலுக்காக நின்ற அந்த மனிதர் பயந்துபோயிருந்தார்.

"வெல்டு வச்சது இவருதான்" என்றான் முருகேசன், மெதுவாக. "சொல்லு யக்கா. உங்க வெல்டு நல்லாத்தான் பிடிச்சிருக்கு, பக்கத்துல இருக்க இரும்புதான் விட்டிருச்சுன்னு சொல்லு. உள்ளது அதுதான்."

ஹெலனுக்குத் தலையாட்டியது ஞாபகம் வந்தது. கூட்டத்துக்கு எதையும் சொல்லவில்லை. கீத்தின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தம்பி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

கீத் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து மைக்குக்குப் போனார்.

அவர் பேசியது எனக்கு முதல் தடவையாக முழுசாகப் புரிந்தது. மெதுவாகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளம் வாங்காமல் ஆர்தருக்கு உதவ வருவாராம். கைகளில் விரிசலைப் பார்த்தபோது, இந்த ஒரு சீசனுக்கு மட்டும் வெல்டு வை, அடுத்த வருசம் புதுசு வாங்குவோம் என்று ஆர்தர் சொன்னாராம். வைத்தாராம். அடுத்த வருசமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருசம் இவர் கேட்கவே இல்லை. "நான் தாங்கும் என்று நம்பினேன். தாங்கவில்லை. ஹெலன் பூட்டியது சரி. நான் இவ்வளவு நாளாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்."

பிறகு டோரீன்தான் ஆரம்பித்தார். "இவ்வளவு நாளாக எங்களையும் சேர்த்துத் திட்ட வைத்தாயே, கீத்!" அவ்வளவுதான், விவாதம் மறுபடி பற்றிக்கொண்டது. ஹெலன் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒருவர். சொல்லியிருந்தால் நீ நம்பியிருப்பாயா என்று இன்னொருவர். ஆர்தரை எப்படித் திட்டுவது, என் கல்யாணத்துக்குப் பெண் கேட்டதே இந்தப் பெட்டிக்குள்தான் என்று ஒரு தாடிக்காரர் அழுதே விட்டார். கீத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஹெலனிடம் போனார். இரண்டு பேரும் வேலிப் பக்கம் நின்று வெகுநேரம் பேசினார்கள். காற்றில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. டோரீன் அவர்களுக்கு இரண்டு துண்டு கேக் கொடுத்தனுப்பினார். எனக்கும் ஒன்று தந்தார். அதிலிருந்து மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நாங்கள் தங்கியிருந்த வீட்டு வாசலில் கீத் நின்றார். கையில் நீளமான ஒரு தகரக் குழாய். உள்ளே கேட்டர்பில்லரின் மூல வரைபடங்கள்! ஆர்தர் அவரிடம் கொடுத்து வைத்தவையாம். முருகேசன் அவற்றைத் தரையில் விரித்து மண்டியிட்டான். கீத்தும் மண்டியிட்டார். நான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். வேலையே இல்லை. இரண்டு பேரும் விரலை வைத்துக் காட்டி, "ஆ... ஆ..." என்று அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். "எடுத்துக்கிடுவோம் யக்கா" என்றான் தம்பி. எனக்குக் குதிக்கவேண்டும் போல இருந்தது. நாற்பத்திமூன்று வயசு டீச்சர் குதிக்கக்கூடாது என்று சட்டமா? குதித்தேன்.

ஐப்பசி மழையில் கம்பளிப்பூச்சி தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து கோவில்பட்டிக்கு இரண்டு லாரி. ராட்டினங்களை நிறுத்தி வைக்கிற எங்கள் செட்டுக்குப் போகிற காட்டுப்பாதையில் முதல் லாரி கரிசலில் இறங்கிவிட்டது. நனைந்த கரிசலைப் பற்றி எங்கள் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தைப் பிடித்தால் விடாது. பக்கத்துப் புஞ்சையில் உளுந்து பார்க்க வந்த சம்சாரிகள் டிராக்டரையும் வடத்தையும் கொண்டுவந்தார்கள். லாரி மேலே இருந்த பச்சைப் பெட்டிகளைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வெளிநாட்டு மாட்டுத்தொட்டியா?" என்று ஒருவர் கேட்டார். காலையில் ஆரம்பித்த இழுவை, சாயங்காலம்தான் முடிந்தது. எல்லாருக்கும் முதல் சவாரி இலவசம் என்று முருகேசன் வாக்குக் கொடுத்தான்.

லேத்துப் பட்டறையில் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, எல்லாக் கைகளையும் புதிதாகச் செய்தார்கள். பழைய கை ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. பங்குனித் திருவிழாவில் ஓட்டுவதாக முடிவு செய்து கீத்துக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. ஆளே வந்துவிட்டார்.

கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கும்போதே தக்காளி மாதிரி சிவந்திருந்தார். ஐந்து நாள் எங்கள் வீட்டில் தங்கினார். பரோட்டா, சால்னா, பதநீர் எதையும் விடவில்லை. நாலுவழிச் சாலைக்குக் கல் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. ரோட்டோரம் நின்று போகிற வருகிற பஸ்களின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே, இது கவனிப்பு உள்ள வண்டி, இது இல்லாத வண்டி என்று பிரித்துச் சொன்னார். டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது. "வெள்ளைக்கார அண்ணாச்சி சொல்லுதது சரிதான், அந்தக் கம்பெனி மகன் கையில போனதுலருந்து வெளங்கல" என்று ஒரு கட்சி கிளம்பியது. எதிர்க்கட்சி உடனே கிளம்பியது. நான் கீத்துக்கு மொழிபெயர்த்தேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

திருவிழா அன்று, கூட்டத்தை ஏற்றுவதற்கு முன் தன் வீட்டாரை ஏற்றி ஓட்டுவது முருகேசன் வழக்கம். அவன் மனைவி ஈஸ்வரி, மகள், நான் ஏறினோம். கீத் தயங்கி நின்றார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியை இறுகப் பிடித்தார். வண்டி கிளம்பியது. மேடு, பள்ளம், மேடு. இரண்டாவது சுற்றில் கூரை மூடியது. இருட்டில் நானும் ஈஸ்வரியும் போட்ட கூச்சல் செண்பகவல்லி அம்மன் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

இறங்கியதும் கீத் நேராக முருகேசனிடம் போனார். அழுவார், கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். "மூன்று குறை இருக்கிறது" என்றார். பாட்டுச் சத்தம் அதிகம். பச்சை கொஞ்சம் வெளிறிப்போச்சு. முக்கியமாக, கூரையை நாலாவது சுற்றில்தான் மூட வேண்டும்.

"ரெண்டுல மூடுனா சீக்கிரம் ஆள இறக்கலாம்னு சொல்லு யக்கா. வரிசை நிக்குல்லா?" என்றான் முருகேசன்.

"ஆர்தர் ஒருநாளும்..." என்று ஆரம்பித்த கீத், நடுவில் நிறுத்திக்கொண்டார். "உங்கள் ராட்டினம். உங்கள் இஷ்டம். ஆனால் நாலாவதுதான் சரி."

"நீ என்ன சொல்லுத?" என்று தம்பி என்னைக் கேட்டான்.

"நானும் நாலுன்னுதாம்ல சொல்லுவேன். மொத மூணு சுத்துல எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிடணும். பொசுக்குன்னு மூடிட்டா என்ன ருசி?"

முருகேசன் வரிசையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், லிவரைப் பிடித்தான். டிராக்டர் கொண்டுவந்த சம்சாரிகள் குடும்பத்தோடு ஏறியிருந்தார்கள். ஒன்று. இரண்டு. முதல் ஓட்டத்தைப் பார்த்துவைத்திருந்த பிள்ளைகள், "மூடு! மூடு!" என்று கத்தினார்கள். மூன்று. அவன் மூடவில்லை. நாலாவது சுற்று பாதி வந்ததும் லிவரை இழுத்தான். பச்சைக் கூரை எழுந்து, வளைந்து, அத்தனை முகங்களையும் விழுங்கியது. உள்ளேயிருந்து மொத்த ஊரும் கத்துகிற மாதிரி ஒரு கூச்சல் கிளம்பியது.

கீத் என்னவோ சொன்னார். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. முருகேசன் என் பக்கம் திரும்பவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்து, தானாகவே இங்கிலீஷில் கேட்டான்.

"ஒன் மோர்?"